இரவில் நிறுத்தச் சொன்னதும் நீங்கள், காலையில் மெஷின் இல்லை என்றதும் நீங்கள்

பெறுநர்: கிளவுட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மற்றும் பில்லிங் பிரிவு

பொருள்: நிறுத்தி வைத்த விர்ச்சுவல் மெஷின் மறுபடி கிளம்பாதது, அதையொட்டி வந்த பில் குறித்து

வணக்கம்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறோம். திருப்பூர் பனியன் யூனிட்டுகள், ஜாப் ஒர்க் எடுப்பவர்கள், சில நூல் வியாபாரிகள் என்று இவர்களுடைய பில்லிங்கும் ஜிஎஸ்டி கணக்கும் எங்கள் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது, அந்த சாஃப்ட்வேர் உங்கள் மும்பை ரீஜனில், அதாவது அங்குள்ள உங்கள் டேட்டா சென்டர்களில் வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷின்களில் ஓடுகிறது. டேட்டாபேஸுக்கு 8 விசிபியு, 32 ஜிபி ராம் உள்ள ஒரு மெஷின், அதற்கு முன்னால் இரண்டு சின்ன மெஷின்கள், அவ்வளவுதான். உங்கள் கணக்கில் நாங்கள் தூசுக்குச் சமம் என்று தெரியும். ஆனால் பில் மட்டும் மாதம் தவறாமல் 18 சதவீத ஜிஎஸ்டியோடு வந்துவிடுகிறது, நாங்களும் தவறாமல் கட்டிவிடுகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மெஷின்களை நிர்வகிக்கும் உங்கள் கன்சோலில் செலவைக் குறைப்பதற்கென்றே ஒரு பரிந்துரைப் பக்கம் இருக்கிறது. எங்கள் டேட்டாபேஸ் மெஷின் இரவில் சும்மாதான் இருக்கிறது, அட்டவணை போட்டு நிறுத்தி வைத்தால் இவ்வளவு மிச்சமாகும் என்று பச்சை எழுத்தில் ஒரு தொகையை அது காட்டிக்கொண்டே இருந்தது. நாங்களும் கணக்குப் போட்டோம். திங்கள் முதல் சனி வரை காலை 8 மணியிலிருந்து இரவு 9 மணி வரை ஓடினால் போதும், அதாவது வாரத்தின் 168 மணி நேரத்தில் 78 மணி நேரம். மெஷின் வாடகையில் பாதிக்கு மேல் மிச்சம். சரி என்று அந்தப் பக்கத்திலிருந்த பட்டனையே அழுத்தி அட்டவணை போட்டோம். நிறுத்தினால் என்ன ஆபத்து என்று அங்கே ஒரு வரி கூட இல்லை, நம்பாவிட்டால் இப்போது போய்ப் பாருங்கள், இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் 11ஆம் தேதி காலை 8 மணிக்கு மெஷின் கிளம்பவில்லை. கேட்ட அளவு மெஷினைத் தர இந்த ஸோனில் இப்போது போதுமான இடம் இல்லை, சற்று நேரம் கழித்து முயலவும் என்று ஒரு பிழைச் செய்தி (ஸோன் என்பது ரீஜனுக்குள் தனியாக இயங்கும் ஒரு டேட்டா சென்டர் பிரிவு). மறுபடி அழுத்தினால் அதே செய்தி. மெஷினை நிறுத்திய நிமிடமே அதற்கு ஒதுக்கியிருந்த ஹார்டுவேரை நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவீர்களாம், காலையில் நாங்கள் வரிசையில் புதிதாக நிற்க வேண்டுமாம். ஊருக்குப் போகும்போது வீட்டைக் காலி செய்துவிட்டுப் போங்கள், வாடகை மிச்சம் என்று வீட்டுக்காரரே சொல்லி, திரும்பி வந்தால் உள்ளே வேறு குடித்தனம் இருந்த மாதிரி. சாமான் வைத்திருந்ததற்கு மட்டும் வாடகை ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் மெஷின் நின்றாலும் டிஸ்க்குக்கும் நிலையான ஐபி முகவரிக்கும் இரவு முழுக்க மீட்டர் ஓடுகிறது. பில்களைப் பதிந்து எண் வாங்கும் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் எங்கள் ஐபியைப் பதிவு செய்து வைத்திருப்பதால் அதை விடவும் முடியாது.

11ஆம் தேதி என்றால் என்ன என்று உங்கள் சப்போர்ட் ஆளுக்குப் புரிய வைக்கவே எங்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவம் போடுகிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள். அன்றைக்குத் தவறினால், சரக்கு வாங்கியவருக்கு 14ஆம் தேதி வரும் 2பி என்ற வரி வரவுப் பட்டியலில் அந்த பில் இருக்காது, அவருக்கு வர வேண்டிய வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், அவர் எங்கள் வாடிக்கையாளரைப் பிடித்து உலுக்குவார். அது தவிர, 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் இன்னொரு கம்பெனிக்கு விற்கும் சரக்குக்கு இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும், அந்த எண் வராமல் லோடு கிளம்பாது. 9 மணிக்கு முதல் போன். "ஏனுங்க தம்பி, சாஃப்ட்வேர் தொறக்கவே மாட்டேங்குதுங்க, ஆடிட்டர் வந்து உக்காந்திருக்காருங்க, வாசல்ல வண்டி வேற நிக்குது." அவருக்கு ஸோன், கெப்பாசிட்டி என்று நான் என்ன விளக்குவது? உங்கள் நிலவரப் பக்கத்தையாவது காட்டலாம் என்று திறந்தால் மும்பைக்கு நேராகப் பச்சை டிக், எல்லாம் நலமே என்கிறது.

இதில் இன்னொரு எரிச்சல். இந்த அளவு மெஷினுக்கு ஆரம்பத்தில் எங்களுக்குக் கோட்டா போதாமல் இருந்தது. டிக்கெட் போட்டு, எதற்கு வேண்டும், எத்தனை வேண்டும், எவ்வளவு காலம் வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித்தான் கூட்டி வாங்கினோம். இப்போது கேட்டால் கோட்டா என்பது வெறும் உச்சவரம்பு, மெஷின் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் அதை அன்றைக்கே அந்த ஒப்புதல் மெயிலில் எழுதியிருக்கலாம்.

அப்புறம் சப்போர்ட். தொழில்நுட்பக் கேள்வி கேட்கவே தனியாக மாதச் சந்தா கட்டுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது ஒரு தானியங்கிப் பதில், எங்கள் பிழைச் செய்தியை அப்படியே எங்களுக்கே திருப்பி அனுப்பி, அதன் கீழே ஒரு உதவிப் பக்கத்தின் சுட்டி. பிறகு வந்த மனிதர் வேறு வகை மெஷினுக்கு மாறுங்கள், இந்த ஸோனில் அது உடனே கிடைக்கும் என்றார். பார்த்தால் அது ஆர்ம் சிப் உள்ள மெஷின். எங்கள் டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்86 என்ற வேறு வகைச் சிப்புக்கான லினக்ஸ், அதைக் கொண்டுபோய் ஆர்மில் மாட்டினால் பூட் கூட ஆகாது. எங்கள் டிக்கெட்டிலேயே மெஷினைக் கிளப்பும் சிஸ்டம் இமேஜின் பெயரும் அதன் வகையும் இருந்தன. படித்துவிட்டுப் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

சரி, வேறு ஸோனில் போடலாம் என்றால் டிஸ்க் இந்த ஸோனிலேயே கட்டுண்டு கிடக்கிறது, பக்கத்து ஸோன் மெஷினில் அதை மாட்ட முடியாது. டிஸ்க்கின் நகலான ஸ்னாப்ஷாட்டிலிருந்து அங்கே புது டிஸ்க் உருவாக்கித்தான் ஆக வேண்டும். நல்ல வேளை, இரவு ஸ்னாப்ஷாட் இருந்தது. மெஷினை அமைக்கும் படிகளை எழுதி வைத்திருந்த டெம்ப்ளேட்டை ஓட்டினோம். டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் உருவாகி, கடைசியில் மெஷின் என்று வரும்போது அங்கேயும் இடம் இல்லை. டெப்ளாய்மென்ட் தோல்வி என்று சிவப்பில் காட்டியது, ஆனால் உருவான டிஸ்க்குக்கு அந்த நொடியிலிருந்தே கட்டணம் தொடங்கிவிட்டது. மூன்றாவது ஸோனில்தான் மெஷின் கிடைத்தது.

கிடைத்தும் நிம்மதி இல்லை. ஸ்னாப்ஷாட்டிலிருந்து செய்த டிஸ்க்கில் ஒவ்வொரு பிளாக்கும் முதல்முறை படிக்கும்போதுதான் பின்னாலிருக்கும் ஸ்டோரேஜிலிருந்து இறங்கி வருகிறது. வழக்கமாகக் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடும் விற்பனைப் பதிவேடு அன்றைக்குத் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது, சுற்றி முடித்து டைம்-அவுட் ஆனது. மத்தியானத்துக்கு மேல்தான் வேகம் ஓரளவுக்காவது வந்தது. இதைத் தவிர்க்க ஸ்னாப்ஷாட்டை முன்கூட்டியே தயார் நிலையில் வைக்கும் வசதி உண்டாம், அதற்கும் மணிக்கணக்கில் தனிக் கட்டணமாம். கேட்காமலே சொன்ன ஒரே தகவல் அதுதான்.

எல்லாம் முடிந்து நஷ்டஈடு கேட்டேன். எஸ்எல்ஏ என்ற சேவை உத்தரவாத ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் தொடர்பிழந்தால்தான் பொருந்தும், உங்கள் மெஷின் அந்த நேரத்தில் ஓடவே இல்லை, எனவே பொருந்தாது என்று பதில். ஓட விடாமல் வைத்திருந்தது யார்?

இனி இப்படி நடக்காமலிருக்க என்ன வழி என்றால், மெஷினுக்கான இடத்தை முன்பதிவு செய்யும் கெப்பாசிட்டி ரிசர்வேஷன் வாங்குங்கள் என்கிறீர்கள். விதிமுறையைப் படித்தேன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரிசர்வ் செய்த நேரம் முழுவதற்கும் முழு வாடகை. அதாவது, காசு மிச்சம் பிடிக்க இரவில் நிறுத்த வேண்டும், நிறுத்தியது காலையில் கிளம்ப வேண்டுமானால் இரவுக்கும் காசு கட்ட வேண்டும். அப்படியென்றால் அந்தப் பச்சை எழுத்துத் தொகை எங்கிருந்து வந்தது? எந்த டேட்டா சென்டரிலும் இடம் தீரத்தான் செய்யும், அது எனக்குப் புரிகிறது. இடம் தீர்ந்தால் முதலில் மாட்டுவது உங்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தி வைத்தவர்கள்தான் என்பதை மட்டும் மறைத்து ஒரு ஆலோசனை சொல்லியிருக்கிறீர்கள், என் புகாரே அதுதான்.

ஆகவே நான் கேட்பது: தோல்வியடைந்த டெப்ளாய்மென்ட்டில் உருவான டிஸ்க்கின் கட்டணத்தையும், அன்றைக்கு மூன்றாவது ஸோனில் அவசரத்துக்கு எடுத்த மெஷினின் கட்டணத்தையும் ஜிஎஸ்டியோடு திருப்பிக் கொடுங்கள். கூப்பனாக வேண்டாம், பில்லில் கழித்து. பரிந்துரைப் பக்கத்தில், நிறுத்தினால் மறுபடி கிளம்பும் என்று உறுதியில்லை என்பதைச் சேமிப்புத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஒரு ஸோனில் குறிப்பிட்ட வகை மெஷின் தட்டுப்பாடாக இருந்தால் நிலவரப் பக்கம் அதைக் காட்ட வேண்டும். இதையெல்லாம் முடிவு செய்யக்கூடிய ஒருவர் என்னைக் கூப்பிட வேண்டும், உதவிப் பக்கத்தின் சுட்டி எனக்கு வேண்டாம்.

முந்தைய டிக்கெட்டைத் தீர்க்கப்பட்டது என்று நீங்களே மூடிவிட்டீர்கள், அதை மறுபடி திறந்து இந்தக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். அட்டவணையை நீக்கிவிட்டோம், மெஷின் இப்போது இரவும் பகலும் ஓடுகிறது. உங்கள் கன்சோல் நேற்றும் எனக்கு அதே பரிந்துரையை அனுப்பியது. அடுத்த 11ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் டேட்டாபேஸை வேறு இடத்துக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுவோம், நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிவாகும்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து மாதாமாதம் பில் கட்டும் வாடிக்கையாளர்