கிராஃப் தேடல் கருவியின் விளக்கக் குறிப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நமது கிராஃப் (கணுக்களும் அவற்றுக்கிடையிலான இணைப்புகளும் கொண்ட வலையமைப்பு) தேடல் கருவியை இனிச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் (தாமாகவே கருவிகளைப் பயன்படுத்தும் நிரல்கள்) அழைக்கவிருப்பதால், அதன் விளக்கக் குறிப்பைத் திருத்தி எழுதத் தொடங்கியுள்ளோம். குறிப்பு புரியாவிட்டால் மனிதர் நிரலைத் திறந்து பார்ப்பார், அல்லது பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். முகவருக்கோ பெரும்பாலும் நாம் எழுதித் தரும் அந்தச் சில வரிகளே துணை.

'ஆழம்' (தொடக்கக் கணுவிலிருந்து எத்தனை இணைப்புகள் தள்ளித் தேடுவது) என்ற உள்ளீட்டுக்கு 'முழு எண்' என்று மட்டுமே இப்போது எழுதியிருக்கிறோம், அது போதாது. ஒவ்வொரு கணுவும் 20 புதிய கணுக்களோடு இணைந்திருந்தால், ஆழம் 2-க்கு 420 கணுக்கள் வரும். ஆழம் 3-க்கு 8,420 வந்து, முகவர் படிக்கக்கூடிய இடத்தையே அடைத்துவிடக்கூடும். ஆகவே உச்ச வரம்பைக் காரணத்தோடு எழுத வேண்டும்.

'சார்ந்துள்ளது' என்னும் இணைப்பில் எது எதைச் சார்ந்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டாவிட்டால், முகவர் எதிர்த்திசையில் தேடிவிட்டு, எதுவுமே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடக்கூடும். விடை உண்மையிலேயே காலியா, வரம்பினால் துண்டிக்கப்பட்டதா என்பதைக் கருவி தனித்தனியாகத் தெரிவிப்பதே எல்லாவற்றிலும் முக்கியம் என்று கருதுகிறேன். சுழற்சிகளை (இணைப்புகள் சுற்றி வந்து அதே கணுவுக்குத் திரும்புவதை) கருவியே கவனித்துக்கொள்வதால் அதற்கு ஒரு வரி போதும்.

வரைவைப் படித்து, திருத்தங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் இக்குழுவிலேயே பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.