எந்தத் தசைநோய், எந்த மரபணு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், தசைச் சிதைவு நோய்க்கு மருந்து வந்துவிட்டது என்ற தலைப்பில் வெளியான கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். நான் 31 ஆண்டுகள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக, எங்கள் மக்கள் வாய்ச்சொல்லில் டிரஸராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். ஆனாலும் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இந்த ஒரு வாரத்திற்குள் இரண்டு குடும்பத்தார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட காரணத்தால், பேசாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

முதலில் வந்தவர்கள், பதினொரு வயதுப் பையனின் பெற்றோர். பையனுக்கு டுஷென் வகைத் தசைச் சிதைவு. தரையிலிருந்து எழும்போது தன் தொடையையே கையால் பிடித்துப் பிடித்து ஏறி நிமிர்வான். இப்போது அதுவும் முடியாமல் சக்கர நாற்காலிக்குப் போகும் நிலையில் இருக்கிறான். அடுத்து வந்தவர், பழைய தோட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பால்மரத் தொழிலாளியின் மகள். கையை இறுக மூடினால் உடனே விரிக்க வராது என்பதுதான் அவருடைய நோயின் முதல் அடையாளம். இரண்டு வீட்டாரும் கேட்ட கேள்வி ஒன்றே: “ஐயா, இதுல போட்டிருக்கிற மருந்து நமக்குச் சரியா வருமா?” இரு வீட்டாருக்கும் வராது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் வராது என்பதைக் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருந்தால், அவர்கள் ஒரு வாரம் நம்பிக்கையோடு இருந்து பிறகு என் வாயால் ஏமாந்து போயிருக்க வேண்டியதில்லை.

தசைச் சிதைவு என்பது ஒரே நோயின் பெயர் அன்று. காய்ச்சல் என்ற ஒரு சொல்லுக்குள் டெங்கியும் மலேரியாவும் அடங்குவதைப் போல, காரணத்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பரம்பரை நோய்கள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. கட்டுரையில் வந்த எடெப்லிர்சென் என்னும் மருந்து அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் அனுமதி பெற்றது உண்மை. ஆனால் அது டுஷென் நோயாளிகளில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், ஐரோப்பிய மருந்து ஆணையம் 2018இல் சான்றுகள் போதவில்லை என்று அனுமதி மறுத்துவிட்டது என்பதும், தொடக்கத்தில் அதற்குச் சொல்லப்பட்ட விலை ஓராண்டுக்குச் சுமார் 3 லட்சம் அமெரிக்க டாலர் என்பதும் கட்டுரையில் இல்லை. இந்த மூன்றும் தெரியாத வாசகர், வீட்டை விற்றாவது வாங்கிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். நான் மிகைப்படுத்தவில்லை, என் திண்ணையில் அந்தப் பேச்சு நடந்தது.

எதனால் அந்த 13 விழுக்காடு என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் சாரமான இடம். மரபணுவில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படியில் தேவையான துண்டுகளும் தேவையற்ற துண்டுகளும் மாறி மாறி இருக்கும்; தேவையற்றவற்றை வெட்டி எறிந்து, எக்சான் எனப்படும் தேவையான துண்டுகளை ஒட்டிச் சேர்த்த பிறகே உயிரணு அதைப் படித்துப் புரதம் செய்கிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலையை 1977இல் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் ஆகிய இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைநாருக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு, மனித உடலின் மிக நீளமான மரபணுக்களுள் ஒன்று. அதில் 79 எக்சான்கள் உள்ளன. டுஷென் நோயாளிகள் பலருக்கு இவற்றில் ஒன்றோ சிலவோ இல்லாமல் போயிருக்கும்.

இல்லாமல் போவது மட்டுமே கேடு என்று நினைக்கக் கூடாது; எவ்வளவு இல்லாமல் போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயிரணு ஆர்.என்.ஏ.யை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். ‘இந்த மரம் பழம் தரும்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி எழுத்தையும் சேர்த்து ஒவ்வொரு சொல்லும் மூன்று எழுத்து. இதில் நான்காவது எழுத்து ஒன்று மட்டும் உதிர்ந்துவிட்டால், மும்மூன்றாகப் படிப்பவர் ‘இந்த ரம்ப ழம்த ரும்’ என்று கடைசிவரை உளறுவார். ஒரு முழுச் சொல்லே உதிர்ந்துவிட்டாலோ, ‘இந்த பழம் தரும்’ என்று ஒரு சொல் குறைந்தாலும் மற்றவை உருக்குலையாமல் நிற்கும். (சந்தி எங்கே என்று கேட்கும் தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.) முதல் வகை இழப்பில் டுஷென் நோய் வருகிறது; இரண்டாம் வகையில் பெக்கர் என்னும் மிதமான நோய் வருகிறது. எடெப்லிர்சென் செய்வது, ஏற்கெனவே கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 51ஆம் எக்சானையும் உயிரணு தாண்டிப் போகும்படி மறைத்துவிடுவது. அதனால் வரிசை மீண்டும் மும்மூன்றாகச் சேர்ந்து, குட்டையான ஒரு டிஸ்ட்ரோஃபின் சிறிதளவு உருவாகிறது. 51ஐ மறைத்தால் வரிசை சேரும்படியான இழப்பு உள்ளவர்கள்தாம் அந்த 13 விழுக்காட்டினர். நோய் குணமாவதில்லை, டுஷென்னை பெக்கரின் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும் முயற்சி இது. வாரந்தோறும் நரம்பில் ஏற்ற வேண்டும்.

நான் கண்ட பையனின் மரபணு அறிக்கையில் 46, 47ஆம் எக்சான்கள் இல்லை. அவனுக்கு 51ஐ மறைத்துப் பயனில்லை. 45ஐ மறைக்க வேண்டும். அதற்கென வேறொரு மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. ஆக, நோய் ஒன்றுதான், மரபணுவும் ஒன்றுதான், இருந்தும் கட்டுரையில் சொன்ன மருந்து இவனுக்குரியது அன்று. இந்த விவரம் அவர்களிடம் இருந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்லவில்லை.

இனி அந்தத் தொழிலாளியின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே என் பிழையும் உண்டு.

அவருடைய தந்தை நாள் முழுதும் பால்மரம் சீவிவிட்டு வந்து, “கத்தியை விட்டா விரல் விரிய மாட்டேங்குது டிரஸர்” என்று சொல்வார். காலைக் குளிரில் அதிகமாக இருக்கும், நாலைந்து முறை மூடித் திறந்தால் சரியாகிவிடும். நான் தைலமும் வைட்டமின் ஊசியும் கொடுத்து அனுப்பினேன். ஐம்பது வயது முடிவதற்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அதையும் வெயிலில் வேலை செய்தவர் என்று விட்டுவிட்டேன். மகளுக்கு இருபது வயதில் அதே கை இறுக்கம் வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் ஆளுக்கொரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போய்விட்ட காலம் அது. அவர் ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் அவரை மட்டும் பார்த்தார்கள். நரம்புத் தளர்ச்சி என்றும் வாதம் என்றும் மருந்து கொடுத்தார்கள். அவருக்குப் பிறந்த குழந்தை உடல் துவண்டு, பால் குடிக்கத் திராணியில்லாமல் இருந்தபோதுதான், ஓர் இளம் மருத்துவர் தாயின் கையைக் குலுக்கினார். அந்தக் கை உடனே விடுபடவில்லை. உங்கள் அப்பாவுக்குக் கண்புரை இருந்ததா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வியாம். மூன்று தலைமுறையையும் ஒரே வராந்தாவிலிருந்து பார்த்த எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அந்த நோய் மையோடானிக் டிஸ்ட்ரோஃபி. ஜெர்மானிய மருத்துவர் ஹன்ஸ் ஷ்டைனெர்ட் 1909இல் விவரித்தது. மரபணுக் காரணம் 1992இல்தான் பிடிபட்டது. பத்தொன்பதாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் கடைக்கோடியில், புரதமாக மாறாத பகுதியில், மூன்றெழுத்து ஒன்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். நம்மில் பலருக்கும் அது ஐந்திலிருந்து 37 முறை வரை இருக்கும், கேடில்லை. 50ஐத் தாண்டினால் நோய். சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல் போகும். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும்போது அந்த எண்ணிக்கை பெருகக்கூடும் என்பதால்தான் தாத்தாவுக்குப் புரையும் கை இறுக்கமும், பேரனுக்குப் பிறவியிலேயே தளர்ச்சியும் ஆயிற்று. பிறவியிலேயே தாக்கும் கடுமையான வடிவம் பெரும்பாலும் தாய்வழியே வருகிறது.

ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகள் திணறடித்த கேள்வி, புரதமாகவே மாறாத பகுதியில் எழுத்துகள் கூடினால் உடல் முழுவதும் ஏன் கெட வேண்டும் என்பது. அந்த ஆர்.என்.ஏ.யே நஞ்சாகிறது என்பது விடை. தோட்ட அலுவலகத்தில் மூன்றே கிராணிகள், அதாவது எழுத்தர்கள், இருக்கிறார்கள், ஒரே வரியை ஆயிரம் முறை எழுதிய சீட்டு ஒன்று வந்து சேர்கிறது, மூவரும் அதிலேயே ஒட்டிக்கொண்டார்கள் என்று வையுங்கள். மற்ற கணக்கெல்லாம் பழைய படிவத்திலேயே போகும். மஸ்கிள்பிளைண்ட் என்னும் புரதங்கள்தாம் இங்கே கிராணிகள். பழ ஈயில் இந்த மரபணு கெட்டால் தசையும் கண்ணும் கெடும் என்பதால் வந்த பெயர் அது. அந்தப் புரதங்கள், வளர்ந்த உடலுக்குரிய முறையில் ஆர்.என்.ஏ.க்களை வெட்டி ஒட்ட வேண்டியவை. அவை உட்கருவுக்குள் சிக்கிக்கொண்டால், வளர்ந்தவரின் தசையில் கருவிலிருக்கும் குழந்தைக்குரிய வடிவங்கள் உருவாகின்றன. தசையில் குளோரைடு செல்லும் வாசல் சரியாக அமையாமல் போகிறது. பிடி இறுகிப் பிறகு விடாததற்கு அதுவே காரணம். இன்சுலினை ஏற்கும் புரதம் கெட்டுச் சர்க்கரை ஏறுகிறது. இதயத் துடிப்பின் மின்னோட்டமும் தடைபடலாம்.

எக்சானைத் தாண்ட வைக்கும் மருந்து இங்கே என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சிக்கியவற்றை விடுவிக்க வேண்டும், அல்லது அந்த ஆர்.என்.ஏ.யை அழிக்க வேண்டும். அதற்கான மருந்துகள் சோதனையில் இருக்கின்றன, நான் இதை எழுதும் நாள்வரை கைக்கு எட்டவில்லை. கட்டுரை இதே மூச்சில் சேர்த்துச் சொன்ன முதுகுத்தண்டு நரம்பணுச் சிதைவு நோயிலோ, நுசினெர்சென் என்ற மருந்து எக்சானைத் தாண்ட வைப்பதற்கு நேர்மாறாக, விடுபட்டுப் போகும் ஏழாம் எக்சானைச் சேர்த்து வைக்கிறது. மூன்றையும் ஒரே பத்தியில் ‘ஆர்.என்.ஏ. மருந்து’ என்று எழுதுவது, தச்சன், கொல்லன், கொத்தன் மூவரையும் வேலையாள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவைப்பது போன்றது.

மருந்து இல்லை என்பதற்காக மையோடானிக் நோயாளிக்கு ஒன்றுமே இல்லை என்பதும் தவறு. கை இறுக்கத்துக்கு மெக்ஸிலெடின் என்னும் மாத்திரை உதவுகிறது, அதையும் இதயத்தைச் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை இ.சி.ஜி. எடுக்க வேண்டும். எந்த அறுவைச் சிகிச்சைக்கும் முன்பாக மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்; சொல்லாமல் விட்டால் மூச்சு ஒடுங்கும் ஆபத்து உண்டு. இந்தக் கடைசி விவரம் ஒன்றைத் தங்கள் கட்டுரை தந்திருந்தால்கூட நான் நன்றி சொல்லித்தான் கடிதம் எழுதியிருப்பேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். இனி இத்தகைய செய்தி போடும்போது நோயின் முழுப் பெயரையும், எந்த மரபணு, எந்த எக்சான் என்பதையும், எந்த நாட்டில் அனுமதி என்பதையும் தமிழ் எழுத்தில் போடுங்கள். வாசகருக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். புரியாவிட்டாலும் அதைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘தாய்வழிச் சாபம்’ போன்ற அடைமொழி வேண்டாம். டுஷென் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த மாற்றம் புதிதாகத் தோன்றியதே தவிரத் தாயிடமிருந்து வந்ததன்று. அந்தப் பையனின் தாயை மாமியார் வீட்டில் பேசிய பேச்சு எனக்குத் தெரியும்.

தொழிலாளியின் மகள் அடுத்த மாதம் ஈப்போவில் இதய மருத்துவரைப் பார்க்கப் போகிறார். தங்கள் கட்டுரையின் கத்தரிப்பு அவருடைய மருத்துவ அட்டையோடு அதே உறைக்குள் இருக்கிறது. திருத்தம் அதற்கு முன் வெளியாகுமானால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்