உல்சான், நகோயா, சிங்கப்பூர்: எங்களுக்காக நேரம் ஒதுக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் நாங்கள். கப்பல் எப்படிக் கட்டுகிறார்கள், துறைமுகம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க ஈஸ்டரை ஒட்டி ஆசியாவுக்கு வந்தோம். குழுவின் சார்பில் எல்லா நிறுவனங்களுக்கும் ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் போய்விட்டது. அதில் நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன, மனிதர்கள் இல்லை. எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் தமிழர்கள் பலர். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இந்த மடல். வேலையிடத்தில் யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்பதால் பெயர் எதுவும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் லுண்டில் இருப்பவர்கள். இந்தப் பயணத்தை மாணவர்களே ஏற்பாடு செய்தோம். பணமும் நாங்களே சேர்த்தோம். ஸ்வீடனில் அக்டோபர் 4 இலவங்கப்பட்டை பன்னுக்கான நாள். அன்று அதிகாலையிலேயே சுட்டு எடுத்துக்கொண்டு வளாகத்தில் நின்றோம். விலையைக் கேட்காமல் வாங்கிப்போன பேராசிரியர்களுக்கும் நூலக ஊழியர்களுக்கும் நன்றி. நாங்கள் எழுதிய மின்னஞ்சல்களைத் திருத்திக் கொடுத்த சென்னை அண்ணனுக்கும் நன்றி. "ஸ்வீடனில் எழுதுற மாதிரி இரண்டு வரியில் எழுதி அனுப்பாதீங்க. நீங்க யாரு, ஏன் வரீங்க, அவங்க நேரத்தை எப்படிப் பயன்படுத்துவீங்கன்னு சொல்லுங்க" என்றார். அப்படி எழுதிய பிறகுதான் பதில் வர ஆரம்பித்தது. முடியாது என்று மறுநாளே சொல்லி, வேறு யாரைக் கேட்கலாம் என்றும் எழுதியவர்களை இங்கே சேர்க்காவிட்டால் நியாயமில்லை.

இனி தென் கொரியாவின் உல்சான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லுண்டுக்குப் பக்கத்து ஊர் மால்மோ. ஒரு காலத்தில் அங்கே கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் உலக அளவில் பெரியது. 1974இல் அங்கே 138 மீட்டர் உயரத்தில், 1,500 டன் தூக்கக்கூடிய கிரேன் ஒன்றை நிறுத்தினார்கள். நகரத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அது தெரியுமாம். அப்புறம் தொழில் படுத்தது, தளம் மூடப்பட்டது, கிரேன் வருடக்கணக்கில் சும்மா நின்றது. 2002இல் உல்சானிலிருக்கும் ஹூண்டாய் நிறுவனம் அதை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டது. பிரித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவு அவர்களுடையது. கொரியாவில் அந்தக் கிரேனை இன்றைக்கும் 'மால்மோவின் கண்ணீர்' என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஒருவனுடைய தாத்தா கொக்கும்ஸில் வெல்டராக இருந்தவர். தாத்தா வேலை பார்த்த கிரேனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தான். உல்சானிலிருந்து பதில் எழுதிய பொறியாளர் ஐயா, "உங்கள் தாத்தா எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை அங்கே வேலை செய்தார்?" என்று திருப்பிக் கேட்டிருந்தார். அப்போதே இவர் வேறு மாதிரி மனிதர் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஐயா, அன்று காலை நீங்கள் எங்கள் ஒவ்வொருவருடைய ஹெல்மெட் வாரையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்த பிறகுதான் பேருந்தை விட்டு இறங்கவிட்டீர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனால் முன்கூட்டியே அனுமதி வாங்கி, நிறுவனத்தின் புகைப்படக்காரரையே கிரேன் அருகில் காத்திருக்கச் சொல்லியிருந்தீர்கள். கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்தால்தான் கிரேனின் உச்சி தெரிந்தது. உல்சான் தளத்தின் கட்டுமானம் நிறைவேறியதும் 1974இல்தான் என்று நீங்கள் சொன்னபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அங்கே கிரேன் எழுந்த அதே வருடம், இங்கே தளமே எழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதற்குத்தான் உங்களுக்கு அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம். கிரேன் வந்தபோது உங்கள் ஊருக்குப் பெருமையாக இருந்தது என்றீர்கள். 2016 வாக்கில் ஆர்டர்கள் குறைந்து, உடன் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கியபோது அதே கிரேனை அண்ணாந்து பார்க்கவே பயமாக இருந்தது என்றும் சொன்னீர்கள். 2017இல் உங்கள் நிறுவனத்தின் இன்னொரு தளமான குன்சான் நின்றுபோனதையும் மறைக்கவில்லை. பார்வையாளர்களுக்குக் காட்டும் படத்தில் இதெல்லாம் வராது. முன்பின் தெரியாத மாணவர்களிடம் இவ்வளவு திறந்த மனதோடு பேசவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கிரேன் அருகில் எடுத்த புகைப்படத்தைத் தாத்தாவிடம் காட்டியாகிவிட்டது. "இன்னும் வேலை செய்கிறதா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. செய்கிறது என்றதும், நீங்கள் எத்தனை டன் தூக்குகிறீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். சங்கிலி பூட்டும் விதம் பற்றியும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தனியாக அனுப்புகிறோம்.

உல்சானில் இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கடையில் நான் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "பிள்ளை தமிழோ?" என்று திரும்பிய அண்ணன். வல்வெட்டித்துறைப் பக்கத்துக்காரர், கப்பல் தளத்தில் வெல்டர். கொரியத் தளங்களில் இப்போது ஆள் பற்றாக்குறை. இலங்கை, நேபாளம், வியட்நாம் என்று பல நாட்டிலிருந்தும் வந்து வேலை செய்கிறார்கள். எங்கள் திட்டத்தில் இவர்களைச் சந்திப்பதாக ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. அந்தக் குறையை நீங்கள்தான் தீர்த்து வைத்தீர்கள், அண்ணா. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்தீர்கள். கப்பலின் அடித்தட்டுத் தொட்டிக்குள் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே வெல்டிங் வைப்பது எப்படி என்று மேசைக்குக் கீழே குனிந்தே காட்டினீர்கள். முன்கையில் தீப்பொறி பட்ட தழும்புகளைப் பார்த்து எங்கள் பெண்கள் வாயடைத்துப் போனார்கள். சம்பளம், அறை வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் என்று அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள்.

"எங்கட ஊரிலயும் கப்பல் கட்டினவை, சொல்லுங்கோ அவையளுக்கு" என்று நீங்கள் சொல்லி நான் மொழிபெயர்த்ததுதான் அந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது என்பதை அவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க விடவே இல்லை நீங்கள். மாணவர்களிடம் வாங்குவதா என்று கோபித்துக்கொண்டீர்கள். அந்தக் கோபத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், சும்மா நன்றி சொல்லச் சொல்லிவிட்டேன்.

நகோயாவில் ஒரு நாள்தான் இருந்தோம். டொயோட்டாவின் தொழில் அருங்காட்சியகத்தில் 1924ஆம் வருடத்துத் தானியங்கித் தறியை ஓட்டிக் காட்டிய பெரியவருக்கு வணக்கம். பாவு நூல் ஒன்றை அவர் அறுத்ததும் தறி தானாக நின்றது. கோளாறு என்றால் உடனே நிறுத்து என்ற பழக்கம் கார்த் தொழிற்சாலைக்கு இங்கிருந்துதான் போனது என்பதை வகுப்பில் படித்திருந்தோம். நூல் அறுந்து தறி நிற்பதைப் பார்க்கும்போதுதான் அது மனதில் ஏறியது. நாங்கள் கேட்டதற்காகத் திரும்பத் திரும்ப அறுத்துக் காட்டினார், சலிக்கவே இல்லை.

சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய அன்றே சோதனை. எங்களை அழைத்திருந்த ஒரு நிறுவனம் கடைசி நேரத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கையில் மாற்று ஏற்பாடு இல்லை. அப்போது துறைமுகத் துறையில் வேலை செய்யும் அக்கா ஒருவர், நண்பர் வழியாகக் கேள்விப்பட்டு, தானே அழைத்தார். "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, எல்லாரும் வாங்க" என்றார். உடன் வேலை செய்யும் இருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

அக்கா, உங்கள் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கேட்ட பாடம் வேறெங்கும் கிடைத்திருக்காது. 2022இல் திறந்த துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன் பெட்டிகளைச் சுமந்து போவதை நீங்கள் தாளில் கோடு போட்டு விளக்கினீர்கள். 2040களில் வேலை முழுதாக முடியும்போது வருடத்துக்கு 6.5 கோடி பெட்டிகளைக் கையாளுமாம், இருபதடிப் பெட்டிக் கணக்கில். நான் தூத்துக்குடிக்காரி, துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கே தலை சுற்றியது. வண்டி தானாக ஓடினால் முன்பு ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்கள் பையன் கேட்டதற்கு, யார் யார் வேறு வேலை பழகிக்கொண்டார்கள், யாருக்கு அது கஷ்டமாக இருந்தது என்று இரண்டையும் சொன்னீர்கள்.

உங்கள் அப்பாவுக்குத் தனியாக நன்றி. 1972 ஜூன் 23 அன்று தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து கட்டியபோது அவர் அங்கே இளம் தொழிலாளி. அந்தக் கப்பலின் பெயர் 'நிஹோன்'. பெயர் ஜப்பானைக் குறித்தாலும் அது ஸ்வீடன் கம்பெனியின் கப்பல் என்று அவர் சொல்லித்தான் எங்கள் ஸ்வீடிஷ் மாணவர்களுக்கே தெரிந்தது. மூட்டை தூக்கிய தோளுக்கு இனி என்ன வேலை என்று அன்று கரையில் நின்றவர்கள் பேசிக்கொண்டதையும் சொன்னார். அதற்குப் பிறகு அக்காவின் தோசை வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பயண அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் இருக்கும். முடிந்ததும் முதல் பிரதி உங்களுக்கு வரும். நீங்கள் சொன்னதை நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வெளியிட வேண்டாம் என்று நினைக்கும் பகுதியை எடுத்துவிடுகிறோம், காரணம் கேட்க மாட்டோம். உல்சான் அண்ணனுக்கு மட்டும் அவர் பேசிய பகுதியைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் பிள்ளைகள், தெற்கு ஸ்வீடன் பக்கம் வந்தால் முன்னதாக ஒரு வரி எழுதுங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அந்தத் தாத்தாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
குழுவின் எல்லோர் சார்பிலும்,
லுண்டில் படிக்கும் தூத்துக்குடிப் பெண்