சென்னையின் எஃப்.சி: போனவர்களும் வர வேண்டியவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர்) சீசன் முடிந்ததும் சென்னையின் எஃப்.சி. அணியின் சமூக ஊடகப் பக்கங்களில், ‘நன்றி’ என்ற வாசகத்துடன் வீரர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரத் தொடங்குகின்றன. யார் போனார்கள், யார் மிச்சம் என்று அவற்றை வைத்துத்தான் ரசிகர்கள் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளும் இந்த இடைவெளியில், அடுத்து வரப்போகும் வெளிநாட்டு ஸ்டிரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) யார் என்பதையே பெரிதாக எழுதுகின்றன. அணியின் உண்மையான குறை அங்கே இல்லை. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடி ஒருவரையொருவர் அறிந்த இந்திய வீரர்களே இந்த அணியின் முதுகெலும்பாக இருந்தார்கள். அவர்களைக் கிளப் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பத் தமிழ்நாட்டு வீரர்களை இளம் வயதிலேயே நீண்ட ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014இல் ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். 2017-18இல் அது ஐந்தாகவும், 2021-22 முதல் நான்காகவும் குறைந்தது. மார்க்கோ மெட்டராஸியின் பயிற்சியில் 2015இல் நாம் முதல் கோப்பையை வென்றபோது, ஸ்டீவன் மெண்டோசா என்ற கொலம்பிய வீரர் 13 கோல் அடித்து அணியைத் தூக்கி நிறுத்தினார். பதினொருவரில் ஏழு பேர் இந்தியராக இருக்க வேண்டும் என்றான பிறகு, அப்படி ஒரு வெளிநாட்டவரை மட்டும் நம்பிக் கோப்பை கனவு காண முடியாது.

இரண்டாவது கோப்பையை வென்ற அணியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2018 மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் நடந்தது. முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்ததால் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. ஜெஜே லால்பெக்லுவா முதல் கோலை அடித்தார். அரங்கம் அடங்குவதற்குள் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் இரண்டாவதை அடித்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் மீண்டும் ஜெஜே. மூன்று கோல்களும் இந்தியர்களின் கோல்கள். நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் நடந்த இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர்கள் மைல்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ என்ற பிரேசில்காரர்கள்தாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கணேஷ், ஜெஜே, ஜெர்ரி லால்ரின்சுவாலா, கரன்ஜித் சிங், அப்போது இருபதே வயதான அனிருத் தாபா ஆகியோரின் பங்கு மிகப் பெரியது.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் வருத்தமே மிஞ்சுகிறது. 2019-20இல் பயிற்சியாளர் ஓவன் கோய்ல் நடுவில் வந்து பொறுப்பேற்று, கீழே கிடந்த அணியை இறுதிப் போட்டி வரை கொண்டு சென்றார். நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை வென்றார். சீசன் முடிந்ததும் இருவருமே ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். ஜெஜே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். விளைவு உடனே தெரிந்தது. லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் 32 கோல் அடித்திருந்த அணி, அடுத்த சீசனில் 20 ஆட்டங்களில் 17 கோல்தான் அடித்தது. பதினோரு ஆட்டங்களை டிரா செய்தது. 2022 ஜனவரியில் லாலியன்சுவாலா சாங்டே மும்பை சிட்டிக்குப் போய், அடுத்த சீசனிலேயே தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2024இல் ரஹீம் அலி ஒடிசாவுக்குப் போனார்.

இவற்றில் 2023இல் தாபா மோகன் பகானுக்குப் போனதுதான் அணியை ஆழமாகப் பாதித்தது. 2016இல் பதின்ம வயதில் இங்கே வந்து, கோப்பையும் வென்று, கேப்டனாகவும் உயர்ந்தவர் அவர். தற்காப்பு வீரர்களிடமிருந்து பந்தை வாங்கித் திரும்பி, எதிரணியின் நடுக்களத்தைத் தாண்டி முன்னே கொண்டுபோகும் இந்திய வீரர் இன்றைக்கும் நமக்கு வாய்க்கவில்லை. சாபா லாஸ்லோ, போசிதார் பாண்டோவிச், தாமஸ் பிர்டாரிச் என்று மூன்று சீசனில் பயிற்சியாளர்கள் மாறினார்கள்; ஒவ்வொருவரும் தமக்குத் தோதான வெளிநாட்டவரை வரவழைத்தார்கள்; மூன்று முறையும் எட்டாம் இடமே கிடைத்தது. கோய்ல் திரும்பி வந்த முதல் சீசனில் லீக் சுற்றுக்கு அடுத்த பிளே-ஆஃப் சுற்று வரை போனோம் என்றாலும், 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம்.

வீரர்கள் போவது எந்தக் கிளப்பிலும் நடப்பதுதான். கொல்கத்தா, மும்பை கிளப்புகளோடு பணத்தில் மோத முடியாது என்ற நிர்வாகத்தின் நிலையையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் போகும் விதம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஒரு வீரர் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடலாம் என்பது சர்வதேச விதி. அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால், ஒப்பந்தம் முடிந்ததும் அவர் போகும்போது நமக்கு டிரான்ஸ்ஃபர் தொகையாக ஒரு ரூபாய்கூட வராது. ஆகவே இருபது, இருபத்தொரு வயதில் நன்றாக ஆடுபவர்களுக்கு, ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை ஆண்டு மிச்சம் இருக்கும்போதே சம்பளத்தை உயர்த்திப் புதுப்பித்துவிட வேண்டும். அப்படியும் நிறுத்த முடியாதவரை நல்ல விலைக்கு விட்டு, அந்தப் பணத்தில் அடுத்தவரைத் தேட வேண்டும். 2025 ஜூலையில் தொடரே நடக்குமா என்று தெரியாமல் கிளப்புகள் தவித்தது நினைவிருக்கும். அத்தகைய நேரங்களில் வீரர்களைப் பிடித்து வைக்க நீண்ட ஒப்பந்தம்தான் துணையாக இருக்கும்.

அடுத்தவரை எங்கே தேடுவது என்பதுதான் எனக்கு மிகவும் மனவேதனை தரும் பகுதி. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் கவனம் பெற்று ஜாம்ஷெட்பூர், கொல்கத்தாவின் ஏ.டி.கே. என்று போனார், 2020 இறுதிப் போட்டியில் நம்மை 3-1 என்று வீழ்த்தியது அந்த ஏ.டி.கே. அணிதான். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் தில்லி, ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்து, ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களான கொல்கத்தாவின் பாதியைத் தெருவில் ஆட வைத்தார். காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரில் பிறந்து, ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் பயின்ற சிவசக்தி நாராயணன், பெங்களூரு அணிக்காக ஆடி 2022-23இன் வளரும் வீரர் விருதைப் பெற்றார். இவர்கள் மூவரும் முதலில் கண்ணில் பட வேண்டியது நம் கிளப்பின் கண்ணில் அல்லவா?

சென்னை சிட்டி 2018-19இல் ஐ.எஸ்.எல். அல்லாத இன்னொரு தேசியத் தொடரான ஐ-லீக்கை வென்றபோது அதில் தமிழ்நாட்டு வீரர்கள் பலர் இருந்தார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பாலை மறு சீசனே நம் கிளப் எடுத்தது நல்ல காரியம். அந்த அணி இன்று இல்லை. ஐ-லீக்கில் தமிழ் இளைஞர்களுக்கு இருந்த அந்தக் கதவும் மூடிவிட்டதால், சென்னையின் எஃப்.சி.யின் பொறுப்பு இரட்டிப்பாகியிருக்கிறது. கீழ்நிலைத் தொடர்களில் தேடினால் ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 2023இல் பெங்களூரு யுனைடெட்டிலிருந்து இர்ஃபான் யாத்வாதை அப்படித்தானே கொண்டுவந்தார்கள்?

எனவே இந்த இடைவெளியில் கிளப் முதலில் தேட வேண்டியது, தாபாவின் வேலையைச் செய்யக்கூடிய இந்திய நடுக்கள வீரர் ஒருவரை. அடுத்து, வெளிநாட்டவர் காயமடைந்தால் கோல் அடிக்கக்கூடிய ஓர் இந்திய ஸ்டிரைக்கர். வெளிநாட்டு இடங்களில் அவசரம் வேண்டியது சென்டர்-பேக் (நடுத் தற்காப்பு வீரர்) இடத்துக்கு மட்டுமே. இவற்றோடு சென்னை சீனியர் டிவிஷன் லீக்கையும் மாவட்ட லீக் ஆட்டங்களையும் ஆண்டு முழுவதும் பார்த்துக் குறிப்பெடுக்க, பயிற்சியாளர் மாறினாலும் மாறாத ஒரு குழுவை நிர்வாகம் அமர்த்த வேண்டும். 2025இல் கிளிஃபோர்ட் மிராண்டா என்ற இந்தியரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தபோது, இந்திய வீரர்களை நம்பும் எண்ணம் கிளப்புக்கு வந்துவிட்டதாக ரசிகர்கள் மகிழ்ந்தோம். அந்த எண்ணம் ஒப்பந்தத் தாள்களிலும் தெரிய வேண்டும்.

தங்கள் விளையாட்டுப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வீரரின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று நிர்வாகத்திடம் கேட்டு, சீசன் தொடங்கும் முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.