கக்காடு மழைக்காலப் பயணம்: புதன் இரவுக்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 24, சனிக்கிழமை காலை 6 மணிக்கு டார்வினிலிருந்து, வட ஆஸ்திரேலியாவின் கக்காடு தேசியப் பூங்காவுக்குப் புறப்படுகிறோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டும்.

1. ஜிம் ஜிம் அருவிப் பாதை மழைக்காலத்தில் மூடியிருக்கும், அங்கே போகவில்லை.
2. வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்காதீர்கள். ஆறுகளில் உப்புநீர் முதலைகள் உண்டு. ஆழம் பார்க்கக்கூடக் கால் வைக்க வேண்டாம். குழந்தைகளைக் கரையருகே விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.
3. வண்டிதோறும் உதிரிச் சக்கரம், இழுவைக் கயிறு, மூன்று நாளுக்கான குடிநீர், உணவு. வழியில் பல இடங்களில் கைப்பேசி எடுக்காது. செயற்கைக்கோள் தொலைபேசி நான் கொண்டுவருகிறேன்.
4. வெள்ளி மாலை சாலை நிலவரம் பார்த்து உறுதி செய்வேன். சாலை மூடினால் பயணம் இல்லை.

வருவோர் எண்ணிக்கை, வண்டி விவரம் இரண்டையும் புதன் இரவு 9 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள்.