கழற்றிய படத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நம் குடும்பத்துப் பழம்பொருள் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பரண் வேண்டாம், அம்மாடி. கூரையடியில் பகலெல்லாம் கொதிக்கும், இரவில் குளிரும். இந்த ஏற்ற இறக்கம்தான் பழைய காகிதத்துக்கும் பட்டுக்கும் எமன். தரையிலும் வைக்காதே, குழாய் ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். நீ படுக்கும் அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல் நிற்கிற பீரோவின் நடுத்தட்டு போதும். மனுஷருக்கு இதமான இடம் அந்தப் பொருட்களுக்கும் இதம்தான். சின்னதாக ஓர் ஈரப்பதமானி வாங்கி உள்ளே வை. 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

பாட்டியின் புடவைக்கு அந்துருண்டை போடாதே. பாட்டி போட்டார்களே என்பாய். அந்த ஆவி மூச்சுக்கும் ஆகாது, துணியிலும் படியும். கூடவே கற்பூரமும் இருந்தால் இரண்டும் சேர்ந்து இளகிக் கறையாகும். கஞ்சி போடாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பில் மடிக்காமல் தள்ளி மடி. ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடிந்து கிடந்தால் ஜரிகை அங்கேதான் முறியும். ஹேங்கரில் தொங்கவிடாதே, தன் பாரமே அதைக் கிழித்துவிடும். தாத்தாவின் கம்பளிச் சால்வையில் பொடிப்பொடியாக ஓட்டை தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வை. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதே. குளிர் முழுக்கப் போகட்டும், இல்லாவிட்டால் துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கடிதக் கட்டில் ரப்பர் பேண்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. அதில் கந்தகம் உண்டு. நாளாக இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் வெள்ளிச் சாமான் இருந்தால் அதையும் கருக்கடிக்கும். ஜெம் கிளிப்பும் துருப்பிடிக்கும். லேமினேட் செய்யவே செய்யாதே. பிறகு எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது. பத்திரிகைத் துண்டுகளைத் தனிக் கவரில் போடு, அந்தத் தாளின் அமிலம் அடுத்த தாளையும் பழுப்பாக்கும். நாணயங்களை மட்டும் தேய்த்துவிடாதே. புளியோ பாலிஷோ, எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும், சேகரிப்பவர்கள் தொடக்கூட மாட்டார்கள்.

தபால்தலை ஆல்பத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதில் விரல் படாமல் சாமணத்தால் எடுத்து, பின்பக்கப் பசை கெடாமல் வைத்தவள் நீ. அந்தப் பொறுமை உன் அண்ணனுக்குக் கிடையாது. அதனால்தான் எல்லாரும் முணுமுணுத்தும் பெட்டியை உன்னிடம் கொடுத்தேன். இன்றும் கொடுத்தது சரி என்றே சொல்வேன். ஆனால் அவ்வளவு கவனமான பெண், எது எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறாய். முன்பெல்லாம் நீ இப்படிப் பேசியதில்லை.

போன வாரம் வீடியோவில் பேசினாயே, உன் பின்னால் சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது. கல்யாணப் படத்தைக் கழற்றியிருக்கிறாய். கழற்றியது நல்லது. ஜன்னல் வெயில் நேரே விழும் சுவர் என்று நான் அப்போதே சொன்னேன். வெளிச்சம் செய்த சேதம் திரும்பாது, நாளுக்கு நாள் கூடிக்கொண்டேதான் போகும். அருங்காட்சியகங்களில் பழைய துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் காட்ட மாட்டார்கள்.

ஆனால் கழற்றி எங்கே வைத்தாய்? கட்டிலுக்கு அடியிலா, பரணிலா? கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிய்க்காதே, மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே இருக்கட்டும், தெரிந்தவர்கள் பார்க்கட்டும். ஒருவேளை நனைந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், அதற்குமேல் பூஞ்சை வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, படப்பக்கம் மேலே தெரியக் காற்றில் உலர்த்து. வெயிலில் வைக்காதே. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை அம்மா. எப்படிக் கிழிந்தது என்று நான் கேட்க மாட்டேன். செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதே, அந்தப் பசை மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும். இரண்டு துண்டையும் ஒரே கவரில் போட்டு வை. கவர் பாலியெஸ்டராக இருக்கட்டும், பிவிசி வேண்டாம். பிவிசி நாளாக அமிலம் விடும்.

எதையும் தூக்கிப் போடாதே. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிடிக்காமல் போனதையும் போடாதே, உள்ளே வைத்து மூடு. அத்தை வீட்டில் என்ன நடந்தது, பிறகு எதைத் தேடி அழுதாள் என்று உனக்குத் தெரியும்.

பழைய குடும்பப் படங்களை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய். பிரதிகள் மூன்று இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். யார் யார் என்று பின்னால் மென்மையான பென்சிலால் எழுது. பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் எழும்பித் தெரியும். தாத்தாவுக்கு இடப்பக்கம் நிற்கிறவர் பெயர் இப்போது எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். அதை எழுதி முடிக்கவாவது நீ வர வேண்டும்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. சேர்ந்து வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி, வந்தபின் திரும்பிப் போக நாளாகும் என்றாலும் சரி. உன் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பெட்டியை மறக்காமல் பரணிலிருந்து இறக்கு. தனியாகத் தூக்காதே, பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு. படத்தைப் பற்றி நான் கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. பதிலைக் கடிதமாக என் பெயருக்கே போடு, போனில் வேண்டாம்.

அப்பா