முந்தைய வசனத்தையும் வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்ணியத்தின் தேவை முடிந்துவிட்டது, அது கிறிஸ்தவ வேதத்துக்கே விரோதமானது என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவள் என்ற முறையில் இதை மறுக்கிறேன்.

எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண், கணவன் முறுக்கியதில் வீங்கிப்போன மணிக்கட்டோடு போதகர் ஒருவரிடம் போனார். “மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்” என்று பவுலின் நிருபத்தில் வரும் எபேசியர் 5:22-ஐப் போதகர் வாசித்துக் காட்டினார், ஜெபித்தார், அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். கணவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணியம் இன்னும் எதற்கு என்பவருக்கு என் பதில் இதுதான்.

அந்த வசனத்துக்கு முந்தையது 21-ஆம் வசனம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கும்படி அது எல்லாரிடமும் சொல்கிறது. 25-ஆம் வசனமோ, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூரும்படி கணவனுக்குக் கட்டளையிடுகிறது. உயிரைக் கொடுக்கச் சொல்லப்பட்டவன் கையை ஓங்கலாமா? இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துப் பெண்ணிடம் நீட்டுவது எப்படி வேதத்துக்குக் கீழ்ப்படிதலாகும்?

பெண் உபதேசிக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 2:12 சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆதிச் சபையில், வேதத்தில் தேர்ந்தவனாகிய அப்பொல்லோவைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருவர். பவுலின் உடன் வேலையாள் அவர். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ரோமச் சபை ஏற்றுக்கொள்ளும்படி பரிந்துரைத்ததும் பவுல்தான். உயிர்த்தெழுந்த இயேசு, அந்தச் செய்தியைச் சீஷர்களிடம் சொல்லும்படி அனுப்பியது மகதலேனா மரியாளை. ஒரே ஒரு வசனத்தை வைத்து இத்தனை பெண்களின் வாயையும் அடைத்துவிட முடியாது.

பெண்ணியவாதிகள் சொல்லும் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. திருச்சபையே வேண்டாம் என்பவர்களோடு நான் வாதாடத்தான் செய்வேன். ஆனால் பெண்ணுரிமைப் போராட்டத்தைச் சபைக்கு வெளியிலிருந்து வந்த தீங்கு என்பது வரலாறு அறியாத பேச்சு. பால்வினை நோயைத் தடுப்பதாகச் சொல்லி, பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்களைக் கட்டாய உடல் பரிசோதனைக்கு உட்படுத்திய பிரிட்டிஷ் சட்டங்கள் 1886-இல் ஒழிந்தன. அவற்றை எதிர்த்து முன்நின்றவர் ஜோசபின் பட்லர். ஆங்கிலிக்கன் சபை எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவரின் மனைவி, ஆழ்ந்த ஜெப வாழ்க்கை உள்ளவர். 1944-இல் இரண்டாம் உலகப் போரினால் குருமார் சீனாவின் தென்கரையிலுள்ள மக்காவ் நகருக்குப் போக முடியாதபோது, அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த ஃபுளோரன்ஸ் லி டிம்-ஓய் ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் குருவாக அபிஷேகம் பெற்றார். போர் முடிந்து எதிர்ப்பு கிளம்பியதும் பணி உரிமத்தை விட்டுக்கொடுத்தார், குருத்துவத்தைத் துறக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் தகுதியாக இருந்தவர் அமைதிக் காலத்தில் எப்படித் தகுதியற்றவரானார்? இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது.

சபைத் தலைவர்களிடம் நான் கேட்பது மூன்று. எபேசியர் 5-ஐப் பிரசங்கிக்கும்போது 21-ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். அடிபட்டு வரும் பெண்ணின் முறையீட்டைக் கேட்கும் குழுவில் பெண்கள் இருக்கட்டும். அவரை வீட்டுக்கு அனுப்பும் முன், அங்கே அவர் பாதுகாப்பாக இருப்பாரா என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
சபைப் பெண்கள் ஐக்கியப் பொறுப்பாளர் ஒருவர்